இன்னும் ஓடுது

என்னை மறுபடியும் கூப்பிட்டு உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்றார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் இந்த மாடியில்தான் என் தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆளை விடுகிறார்களில்லை. சரி, தேநீர் கொடுத்துவிட்டார்கள், ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கோட் எழுதுவது எப்படி என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் வாய் வைக்கமாட்டேன்.

போன கிழமை இங்கே வந்தபோது உங்களில் ஒருவரின் மேசைப் பக்கம் நின்றேன். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். ஒரு புரோகிராம் நெடுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை என்ன செய்தது தெரியுமா? பக்கத்தில் திறந்து வைத்திருந்த ஏஐயிடம், "இது முடியுமா?" என்று கேட்டது. அது மிகவும் பணிவாக, "ஆம், சற்று நேரத்தில் முடிந்துவிடும்" என்றது. பிள்ளை நிம்மதியாக எழுந்து கோப்பி குடிக்கப் போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு அடக்கப் போவதில்லை.

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், அது எப்போதாவது முடியுமா அல்லது முடிவில்லாமல் ஓடுமா என்று பிழையில்லாமல் சொல்லக்கூடிய இன்னொரு புரோகிராமை எழுத முடியாது. கெட்டிக்காரர் யாராவது பிறந்து வந்து எழுதுவார் என்றும் இல்லை. எவராலும், எந்தக் காலத்திலும் முடியாது. நீங்கள் எல்லோரும் இதைப் படித்திருக்கிறீர்கள். பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறீர்கள். அது வெறும் கணக்கு என்று நினைத்துக்கொண்டுதான் இந்தப் படியேறி வந்திருப்பீர்கள். நான் அதன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அப்போது எங்களிடம் "மிதவை" என்று ஒரு புரோகிராம் இருந்தது. என்ஜின் பழுதாகிக் கடலில் அள்ளுண்டு போகும் படகு எங்கே போயிருக்கும் என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. கடைசியாக ரேடியோவில் பேசிய இடம், காற்று, நீரோட்டம், வேறு படகுகள் வழியில் கண்டெடுத்த பொருட்கள் என்று எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். அது ஆயிரக்கணக்கான கற்பனைப் படகுகளை அந்த இடத்தில் இருந்து கடலில் விடும். திரையில் அவை சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாக மிதந்து போகும். கிடைத்த பொருட்களோடு பொருந்தாத புள்ளிகளை எறிந்துவிட்டு, காற்றைக் கொஞ்சம் மாற்றி, மறுபடியும் முதலில் இருந்து விடும். புள்ளிகள் எல்லாம் ஓரிடத்தில் கூடினால், இங்கே தேடு என்று சொல்லி முடிந்துவிடும். கூடாவிட்டால் இன்னொரு சுற்று.

அதை எழுதியவன் அருள். கொட்டாஞ்சேனை ஆள், ஆனால் குடும்பம் முழுவதும் முகத்துவாரத்தில் மீன்பிடித் தொழில். அந்த வீட்டில் நாற்காலியில் இருந்து வேலை செய்த முதல் ஆள் அவன்தான். அவனுடைய தம்பி ஸ்டீபன், கிழமைக்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கும் பெரிய படகில் போய்வந்துகொண்டிருந்தான். அந்தத் தம்பியை நினைத்துத்தான் அருள் மிதவையை எழுதினான். வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

புள்ளிகள் கூடவே கூடாவிட்டால் என்ன செய்வது? அதற்கு எல்லோரும் செய்வதைத்தான் அருளும் செய்திருந்தான். ஒரு எல்லை வைத்தான். இத்தனை சுற்றுக்குள் கூடாவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். ஒழுங்கான வேலை. நீங்களும் அப்படித்தான் செய்யவேண்டும்.

இனி நடுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பணிப்பாளர் புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் இருந்து வந்தவர். கெட்டிக்காரர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். ஆனால் விற்கக்கூடிய பொருள் என்றால் கண் விரிந்துவிடும். இரண்டு இளம் பொறியியலாளர்களை வைத்து அவர் ஒரு புரோகிராம் செய்வித்தார். மற்றப் புரோகிராம்களைப் பார்த்து, முடியும் என்றால் பச்சை, முடியாது என்றால் சிவப்பு விளக்குக் காட்டும். அதற்கு நடுவர் என்று பெயரும் வைத்து, எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பழைய புரோகிராம் அவ்வளவையும் குடுத்துப் பாத்தம், மேடம்," என்றார். "ஒண்டும் பிழைக்கல்ல. எல்லாத்துக்கும் சரியாச் சொல்லுது."

"அதுகள் எல்லாத்துக்கும் எல்லை இருக்கு, சேர்," என்றேன். "எல்லை போட்ட புரோகிராம் முடியும் எண்டு சொல்ல நடுவர் ஏன்? எங்கட கன்ரீன் பூனையும் சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் விடவில்லை.

"சேர், நான் ஒரு புரோகிராம் எழுதுறன் எண்டு வையுங்கோ. அது முதல் வேலையா உங்கட நடுவரைக் கூப்பிட்டு, 'நான் முடிவனோ?' எண்டு கேக்கும். 'முடிவாய்' எண்டு நடுவர் சொன்னால், என்ர புரோகிராம் முடியாமல் சுத்திக்கொண்டே இருக்கும். 'முடியமாட்டாய்' எண்டு சொன்னால், அந்த இடத்திலயே முடிஞ்சிடும். இப்ப நடுவர் என்ன சொல்லப் போகுது? எதைச் சொன்னாலும் பிழை."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வெளங்குது, மேடம். எங்கட சின்னவனும் அப்பிடித்தான். சாப்பிடு எண்டா சாப்பிட மாட்டான். சாப்பிடாதே எண்டா சோத்துக் கோப்பையை இழுத்துக்குவான். ஆனா அப்பிடி முரண்டு புடிக்கிற புரோகிராமை எந்தக் கஸ்டமர் எழுதப் போறான்?"

"வேணுமெண்டு ஒருத்தரும் எழுதமாட்டினம். எழுதினது எப்பிடிப்பட்டது எண்டு பாத்துச் சொல்லவும் நிச்சயமான வழி இல்லை. அதைத்தான் சொல்லுறன். விளக்குப் போடுங்கோ சேர், வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஓடுற புரோகிராமை வெட்டுற உரிமையை மட்டும் அதுக்குக் குடுக்காதேங்கோ. அது மனுசரின்ர கையில இருக்கட்டும்."

அதற்கு அவர் ஒத்துக்கொண்டார். அப்படித்தான் நடுவர் எங்கள் திரைகளின் மேல்மூலையில் ஒரு சின்ன விளக்காக வந்து உட்கார்ந்தது. நெடுநாள் பச்சையாகவே இருந்ததால் நாங்கள் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

பிறகு ஸ்டீபனின் படகு காணாமல் போனது. என்ஜின் நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சில நாள் கழித்து வேறொரு படகுக்காரர் ஐஸ் பெட்டியின் மூடி ஒன்றையும், அந்தப் படகின் இலக்கம் எழுதிய வலைமிதப்பு ஒன்றையும் கடலில் கண்டெடுத்தார்கள். இரண்டும் வெவ்வேறு இடங்களில்.

அருள் காலையில் வந்தான். முகம் கழுவவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கிடைத்ததை எல்லாம் மிதவைக்குக் கொடுத்து ஓடவிட்டான். அது எல்லைவரை ஓடி "தெரியவில்லை" என்றது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதுதான். நான் பக்கத்தில் போனபோது அவன் கோடைத் திறந்து எதையோ அழித்துக்கொண்டிருந்தான்.

"அருள், என்ன செய்யிறீர்?"

"எல்லைய எடுத்துட்டேன், மேடம்."

"ஏன்?"

"கொஞ்ச சுத்து தேடிட்டு தெரியல்லன்னு சொல்லவா இத எழுதுனேன்? என் தம்பி மேடம். அவன் கெடைக்கிற வரைக்கும் தேடட்டும்."

வேறு யாராக இருந்தாலும் நான் ஒரு பாட்டம் பேசியிருப்பேன். அவன் தோளைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அதைப் பிழை என்று நான் நினைக்கவில்லை. எல்லை எடுத்த கையோடு நடுவரின் விளக்கு சிவப்பானது. "முடியாது" என்று எழுத்தும் வந்தது. அருள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் கொச்சிக்கடைக்குப் புறப்பட்டான். தேடப் போவதற்கு ஒரு கப்பல் அங்கே துறைமுகத்தில் ஒழுங்காகியிருந்தது. ஸ்டீபனின் மனைவி ரீட்டா விடியற்காலையில் இருந்தே அங்கே காத்துக்கொண்டிருந்தாள்.

அருளின் நாற்காலியில் சுபாவை இருத்தினேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். கவனமான பிள்ளை. எங்களிடம் இருந்த இன்னொரு மெஷினில், மிதவையைக் கரடுமுரடாக, எல்லையோடு ஓட்டச் சொன்னேன். அதுவும் சீக்கிரமே "தெரியவில்லை" என்று முடிந்தது, ஆனால் நின்றபோது புள்ளிகள் இரண்டு இடங்களில் கூடியிருந்தன. ஒன்று வடமேற்கே. மற்றது தெற்கே, வெகுதூரம் தள்ளி. கப்பல் மத்தியானம் புறப்பட வேண்டும். காலநிலை மோசமாகிக்கொண்டிருந்ததால் ஒரு பக்கம்தான் போகலாம் என்று கப்பல் தலைவர் சிங்களத்தில் அருளிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆகவே பெரிய ஓட்டம் முடிந்து ஒரு இடத்தைச் சொன்னால்தான் உண்டு. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மத்தியானம் நெருங்கும்போது அருள் தொலைபேசியில் கூப்பிட்டான். சுபா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தமும், யாரோ பெண்கள் செபம் சொல்வதும் கேட்டது.

"சுபா, நிக்குதா?"

"ஓம் அண்ணா, நிக்குது."

"எப்ப இருந்து?"

"காலமையில இருந்து நிக்குது அண்ணா."

"காலைல இருந்தா? கடவுளே! ஏன் ஒரு வார்த்த சொல்லல? வெட்டிரு. இப்பவே வெட்டிட்டு திரும்ப ஓட்டு."

சுபாவின் விரல் கீபோர்டுக்குப் போய்விட்டது. "சுபா, கையை எடும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

என்ன நடந்தது என்று விளங்குகிறதா? யாழ்ப்பாணத்தில், "அப்பா நிக்கிறாரோ?" என்று கேட்டால், அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் புரோகிராமை ஆள் மாதிரித்தான் கதைப்போம். சுபாவுக்கு மிதவை நிற்கிறது என்றால் அது இருக்கிறது, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அருளின் கொட்டாஞ்சேனைத் தமிழில் நிற்கிறது என்றால் அசையாமல் நிற்கிறது, சிக்கிவிட்டது, செத்த மாதிரி. இவள் இருக்கிறது என்று சொல்ல, அவன் போய்விட்டது என்று விளங்கிக்கொண்டான். இரண்டு பேரும் உண்மைதான் பேசினார்கள். காலையில் இருந்து தேடிய தேடல் ஒரு சொல்லில் போயிருக்கும்.

நான் தொலைபேசியை எடுத்து, "அருள், அது நிண்டு போகேல்லை. ஓடுது. இன்னும் முடியேல்லை, அவ்வளவுதான்," என்றேன். மறுபக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. "சுபா மேல கோவப்படல மேடம். சொல்லிருங்க," என்றான். சுபா அழத் தொடங்கிவிட்டாள்.

இந்தச் சொல் விவகாரத்தைச் சொல்லிப் பிறகு பலதடவை சிரித்திருக்கிறோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் சொல்லைத் திருத்தியதால் எங்களுக்கு ஒன்றும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை. இனிமேல் முடியப் போகிற புரோகிராமும், ஒருநாளும் முடியப் போகாத புரோகிராமும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாது.

சத்தம் கேட்டுப் பணிப்பாளரும் வந்துவிட்டார். விளக்கைக் காட்டினார்.

"மேடம், லைட் சிவப்பு. முடியாது எண்டு தெளிவாச் சொல்லுது. வெட்டிட்டு வேற மாதிரி ஏதும் பாப்பமே. அங்க மனுசர்ட உசிர்."

"அந்த லைட்டுக்குத் தெரியாது, சேர்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப என்ன செய்ய, மேடம்?"

"கப்பல் வெளிக்கிடுற வரைக்கும் ஓடட்டும். அதுக்கிடையில முடிஞ்சால் அது சொல்லும். முடியாட்டில் நான் சொல்லுறன்."

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் புள்ளிகள் புறப்படும், பரவும், இரண்டு கூட்டமாகப் பிரியும், மறையும். மறுபடி முதலில் இருந்து புறப்படும். சில சுற்றில் வடமேற்குக் கூட்டம் பெரிதாகும், சில சுற்றில் தெற்கு. கிட்ட வருகிற மாதிரி இருக்கும், விலகிவிடும். இன்னும் ஒரு சுற்றில் கூடிவிடும் என்று ஒவ்வொரு சுற்றிலும் மனம் அடித்துக்கொண்டது. நான் கடவுள் நம்பிக்கை பெரிதாக உள்ளவள் இல்லை. அன்று வாய் என்னவோ முணுமுணுத்தது.

தொலைபேசி அடித்தது. "மேடம், கேப்டன் நங்கூரம் எடுக்கப் போறாரு. வடமேற்கா, தெற்கா?"

என்னிடம் இருந்தது இவ்வளவுதான். வலைமிதப்பு தண்ணீருக்கு மேலே நிற்கும், காற்று பிடித்து இழுத்துப் போகும். ஐஸ் பெட்டி மூடி தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும், நீரோட்டம்தான் கொண்டுபோகும். கனமான படகு மூடியைப் போலத்தான் போகும் என்று எனக்குப் பட்டது. மூடி தெற்கே கிடந்தது.

"தெற்கு," என்றேன்.

"மெஷின் சொல்லிருச்சா, மேடம்?"

பொய் சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? ஆமாம் என்று ஒரு சொல். அவனுக்கும் ஆறுதல், எனக்கும் பாரம் இல்லை. பக்கத்தில் பணிப்பாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, அருள். மெஷின் ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்லுறன்."

"சரி மேடம். தெற்குன்னு சொல்றேன்," என்றான். தொலைபேசியை வைத்தேன்.

கப்பல் தெற்கே போனது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. காலநிலை தணிந்த பிறகு வேறு படகுகள் வடமேற்கேயும் போய்ப் பார்த்தன. அங்கும் ஒன்றும் இல்லை. நான் சொன்னது சரியா பிழையா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. நீங்கள் இந்தத் தொழிலில் எடுக்கப்போகும் பெரிய முடிவுகளில் பல இப்படித்தான் இருக்கும், பிள்ளைகளே. விடைத்தாள் திரும்பி வராது. ஆனால் யார் முடிவெடுத்தது என்பதை மட்டும் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். மெஷின் சொன்னது என்று அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அருள் என்னோடு ஒருநாளும் முகம் கோணவில்லை. அதற்குக் காரணம் அந்த ஒரு பதில்தான் என்று நினைக்கிறேன்.

சில நாள் போய்ப் பணிப்பாளர் என் மேசைக்கு வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"பேசக் கூடாதுதான் மேடம். ஆனா நடுவர் சொன்ன மாதிரியே முடியல்ல தானே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இன்னும் முடியேல்லை, சேர். முடியாது எண்டது வேற கதை. நாளைக்கு முடிஞ்சால் உங்கட நடுவர் என்ன சொல்லும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிதவையை நிறுத்த வேண்டாம் என்று அருள் கேட்டிருந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "ஓடட்டும், மேடம்," என்றார். "ஒரு மெஷின்தானே. அந்தப் புள்ளைக்கு அதாவது இருக்கட்டும்." நல்ல மனிதர் என்று முதலே சொன்னேன் அல்லவா?

அப்படியே ஜன்னல் பக்கத்து மூலையில் அந்த மெஷின் ஓடியது. மாதங்கள் போயின. அருள் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அதற்கு முன்னால் வைத்துத்தான் பிரிப்பான். பாதி சாப்பிடுவான். வேலை செய்தான், பேசினான், ஆனால் ஆள் பாதியாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரீட்டாவின் வீட்டுக்குப் போவான். அவள் கேட்காமலே, "இன்னும் ஓடுது," என்பானாம். அதைத் தவிர அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் ரீட்டாவே வந்தாள். அருள் கூட்டிக்கொண்டு வந்தான். நான் அவளை அன்றுதான் நேரில் பார்த்தேன். பூப்போட்ட சட்டை போட்டிருந்தாள். துக்கத்துக்கான உடை அவள் அதுவரை உடுத்தவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். தேநீர் வேண்டாம் என்றாள். நேராக அந்த மூலைக்குத்தான் போனாள்.

"இதுதானா, மேடம்?"

"ஓம்."

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

"ஒவ்வொண்டும் ஒரு படகு. உங்கட அவர் இருந்த படகு இப்பிடிப் போயிருக்குமோ, அப்பிடிப் போயிருக்குமோ எண்டு இது விட்டு விட்டுப் பாக்குது."

"இதுல எது அவரு?"

"தெரியாது, ரீட்டா. எதுவாயும் இருக்கலாம்."

அவள் கதிரையில் உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றையும் பார்த்தாள். புள்ளிகள் பரவின, இரண்டு கூட்டமாகின, மறைந்தன. மறுபடி ஒரே இடத்தில் இருந்து புறப்பட்டன.

"என்னாச்சு? எங்க போச்சு எல்லாம்?"

"திரும்ப முதல்ல இருந்து தொடங்குது."

"முதல்லன்னா, என்ஜின் நின்ன எடத்துல இருந்தா?"

"ஓம்."

"இது முடியுமா, மேடம்?"

"தெரியாது."

"மேல செவப்புல முடியாதுன்னு போட்ருக்கே?"

"அதுக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

அருள் என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான். ஏதாவது ஆறுதலாகச் சொல்லுங்கள் என்பதுபோல. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. "முடிஞ்சால் எல்லாருக்கும் தெரியவரும். முடியாத ஒண்டெண்டால், எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருந்தாலும் ஒருத்தருக்கும் தெரியவராது," என்றேன்.

ரீட்டா தலையாட்டினாள். திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"பங்குச் சாமி, அவரு ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு மேடம். அண்ணே வந்து இன்னும் ஓடுதுன்னு சொல்லுவாங்க. நானும் சாமிகிட்ட அதையே சொல்லுவேன். இன்னும் ஓடுது சாமி, கொஞ்சம் பொறுங்கன்னு. என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியாது. அதப் பாக்கணும்னுதான் வந்தேன்."

இன்னொரு சுற்றுப் புறப்பட்டது. அவள் அதையும் கடைசிவரை பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளா அவரு இதுக்குள்ள, திரும்பத் திரும்ப, என்ஜின் நின்ன எடத்துல இருந்து மெதந்து போய்க்கிட்டே இருக்காரா?"

சுபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இத்தனை வருடம் புரோகிராம்களைப் பார்த்தவள், அந்தத் திரையை அப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"இத எப்படி நிப்பாட்டுறது?"

"ரீட்டா, வேணாம்," என்றான் அருள். குரல் உடைந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாப்போம். நாளைக்கே அவன் இருக்கிற எடத்தச் சொல்லிட்டா?"

"இந்த வார்த்தையத்தான் அண்ணே நான் தெனமும் எனக்குள்ள சொல்லிக்கிறேன். நாளைக்கும் அதையேதான் சொல்லுவேன். அது தப்புன்னு யாராலயும் எனக்குச் சொல்லவும் முடியாது." அவள் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும். அவரு எளப்பாறட்டும். நீங்களும் ஒரு நாளாவது தூங்குங்க."

அருள் நெடுநேரம் நின்றான். பிறகு குனிந்து, எந்த இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அவளுக்குக் காட்டினான். அவள் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினாள். புள்ளிகள் பாதி வழியில் நின்றன. திரை ஒருதரம் அசைந்து வெறும் கடலாகியது. அருள் நாற்காலியில் விழுந்து வாய்விட்டு அழுதான். அந்தத் தம்பிக்காக அவன் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரீட்டா அவன் தலையைத் தடவியபடி என் பக்கம் திரும்பினாள்.

"பூசைக்கு நீங்களும் வரணும், மேடம்," என்றாள். "தேதிய நான் சொல்றேன்."